பாதுகாப்புப் பாடம் தொழிலாளிக்கா? முதலாளிக்கா?

இப்பொழுது நமது நாட்டுக் கம்பெனிகளிலும், ஆலைகளிலும், ஆபீசுகளிலும் ஒரு புது வழக்கம் பரவி வருகிறது. அதாவது, வேலை செய்யும் இடத்தில் ஆபத்து நேராமல் காத்துக் கொள்வது எப்படி என்பதைப் பற்றிச் சிப்பந்திகளுக்கு மின்னஞ்சல் மூலமாய்ச் சின்னச் சின்னப் பாடங்கள் அனுப்பி வைப்பதாகும். வாரத்திற்கு ஒரு பாடம் வரும். படிப்பதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். கடைசியில் நாலைந்து கேள்விகள் இருக்கும். படித்தேன், புரிந்து கொண்டேன் என்பதாக ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், அழுத்தியவர் பேருக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் வந்துவிடும். கம்பெனிக் கணக்கில், “இத்தனை பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தாய்விட்டது” என்று ஒரு வரியும் ஏறிவிடும்.

இதைப் பார்த்துச் சிலர் பெரிதும் மகிழ்ச்சி அடைகிறார்கள். அறிவு பரவுகிறதே, அது நல்லதுதானே என்கிறார்கள். அறிவு பரவுவதில் நம்மைவிட யாருக்கும் அதிக ஆசை இருக்க முடியாது. ஆனால் எது வந்தாலும், இது யாருக்காக வந்தது, இதனால் லாபம் அடைகிறவர் யார் என்று கேட்டுப் பார்த்த பிறகே அதை ஒப்புக் கொள்வது என்பது நமது பழக்கமானதால், இந்த மின்னஞ்சல் பாடத்தையும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டியது அவசியமாகிறது.

முதலாவதாக, அதிலுள்ள நன்மையை மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஒருநாள் முழுதும் ஒரு கொட்டகையில் உட்கார வைத்து ஓயாமல் பிரசங்கம் செய்வதைவிட, கொஞ்சங் கொஞ்சமாய், விட்டுவிட்டுச் சொல்லிக் கொடுப்பதே மனதில் தங்கும். மனிதன் படித்ததை எவ்வளவு சீக்கிரம் மறக்கிறான் என்பதை ஜெர்மனி தேசத்து எப்பிங்ஹாஸ் என்பவர் தம்மையே பரீட்சை செய்து பார்த்து 1885ம் வருஷத்திலேயே புஸ்தகமாக எழுதி வைத்தார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் மறதி குறையும் என்பது அதிலிருந்து தெரிந்த உண்மை. ஆகவே பாடம் சின்னதாயிருப்பது ஒரு குற்றமல்ல. அது மின்னஞ்சலில் வருவதும் குற்றமல்ல. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவருக்கு, தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாய் வெளியேறுவது, லிப்டில் ஏன் இறங்கக் கூடாது என்பவற்றை இப்படிச் சொல்லிக் கொடுத்தால் அது மெத்தவும் நல்லதே.

நம்முடைய ஆட்சேபணை வேறு. ஆபத்து இருக்கிற இடம் ஒன்று. பாடம் போய்ச் சேருகிற இடம் மற்றொன்று. பாடம் சொல்லுவது ஒன்று. அதைச் சொல்லி வைப்பதன் நோக்கம் மற்றொன்று. இதைத்தான் நாம் வெளிப்படுத்த விரும்புகிறோம்.

நமது நாட்டில் ஒரு தொழிலாளி இயந்திரத்தில் கைபோய் விழுந்தால் முன்காலத்தில் என்ன சொன்னார்கள்? “அவன் தலையெழுத்து” என்றார்கள். அவன் பெண்சாதியும் அதையே சொல்லி அழுதாள். முதலாளியும் அதையே சொல்லி ஒரு வேட்டியும் பத்து ரூபாயும் கொடுத்தனுப்பினான். தலையெழுத்து என்று சொல்லிவிட்டால், இயந்திரத்துக்கு வேலி ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆண்டுக்கொருமுறை ஆயுத பூஜையன்று அதே இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் பலி கொடுப்பார்கள். பூசணிக்காய்க்குக் காசு செலவழித்த முதலாளி, பல்சக்கரத்தை மூடுவதற்கு ஒரு இரும்புத் தகடு வாங்கமாட்டான். பூசணிக்காயை உடைத்தால் போதும், கை உடையாது என்று தொழிலாளியும் நம்பினான். இதுதான் பழைய மதம்.

இன்று தலையெழுத்து என்று சொன்னால் கோர்ட்டில் செல்லாது. ஆகையால் புது மதம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. அதற்குத் “தொழிலாளியின் அஜாக்கிரதை” என்று பெயர். இந்த மதத்துக்கும் ஒரு வேதப்புஸ்தகம் உண்டு. அமெரிக்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஹைன்ரிக் என்பவர், 1931ல் தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதி, விபத்துகளில் 100க்கு 88 மனிதர் செய்யும் தப்பினாலேயே நேருகின்றன என்று சொல்லிவிட்டார். அந்தக் கணக்கை அவர் எங்கிருந்து எடுத்தார்? இன்ஷூரன்ஸ் கம்பெனித் தஸ்தாவேஜுகளிலிருந்தும் ஆலைகளில் வைத்திருந்த விபத்துப் பதிவுகளிலிருந்தும் எடுத்தார். அந்தப் பதிவுகளை எழுதியவர் யார்? ஆலையின் மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும். விபத்துக்குக் காரணம் யாரென்று மேஸ்திரியைக் கேட்டால், “என் எஜமான் வேலி போடவில்லை, நானும் அவசரப்படுத்தினேன்” என்று எழுதி வைப்பானா? விழுந்தவன் மேல் எழுதுவானா? இப்படிப் பிறந்த ஒரு கணக்கு உலகத்து ஆலைகளிலெல்லாம் வெகுகாலம் ஸ்மிருதி வாக்கியம்போல் ஓதப்பட்டு வந்தது.

பழைய மதம் பழியைப் பிரமன் மேல் போட்டது. புது மதம் பழியைச் செத்தவன் மேல் போடுகிறது. இரண்டிலும் தப்பித்துக் கொள்கிறவர் ஒருவரே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மின்னஞ்சல் பாடத்தின் உபயோகம் விளங்குகிறது. ஒருவன் கை போனால், “இவனுக்கு இன்ன தேதியில் இன்ன பாடம் அனுப்பினோம், புரிந்து கொண்டேன் என்று அவனே பொத்தானை அழுத்தியிருக்கிறான், நாங்கள் என்ன செய்வோம்?” என்று காகிதத்தை எடுத்து நீட்டிவிடலாம். அப்பொழுது அந்தப் பாடம் யாருக்குப் பாதுகாப்பு? தொழிலாளியின் கைக்கா, முதலாளியின் பைக்கா?

இதெல்லாம் வெறும் சந்தேகம் என்று யாராவது சொல்லலாம். ஆகையால் உலகமறிந்த இரண்டு சங்கதிகளை எடுத்துக் கொள்ளுவோம்.

1984ம் வருஷம் டிசம்பர் 2ந் தேதி இரவு, போபாலில் யூனியன் கார்பைடு கம்பெனியின் பூச்சி மருந்து ஆலையில் மிதைல் ஐசோசயனேட் என்னும் விஷப் பொருள் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் விஷம் ஆவியாகி ஊருக்குள் பரவிற்று. உடனே செத்தவர்கள் மாத்திரம் 2,000 பேருக்கு மேற்பட்டவர்கள் என்று சர்க்கார் கணக்கே சொல்லிற்று. பின்னால் செத்தவர்களும், கண்ணும் நெஞ்சும் கெட்டவர்களும் எத்தனையோ ஆயிரம். அந்த விஷத்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டிய இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தார்கள். கசிகிற வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. இவ்வளவும் இருக்க, கம்பெனி சொன்ன சமாதானம் என்ன? யாரோ ஒரு தொழிலாளி கோபத்தினால் வேண்டுமென்றே தண்ணீரை விட்டுவிட்டான் என்பதாகும்! 1989ல் 47 கோடி டாலரோடு நஷ்டஈட்டு வழக்கு முடிந்தது. 2010ல் போபால் கோர்ட்டில் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருஷத் தண்டனை விதித்து, அன்றே ஜாமீனிலும் விட்டார்கள். அந்த ஆலைத் தொழிலாளிகளுக்கு அன்று தினம் ஒரு பாடம் அனுப்பியிருந்தாலும், நின்றுபோன இயந்திரம் ஓடியிருக்குமா? கழன்று கிடந்த குழாய் தானாக மாட்டிக் கொண்டிருக்குமா?

இரண்டாவது சங்கதி, வங்காள தேசத்தில் டாக்கா நகருக்குப் பக்கத்தில் நடந்தது. ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தில் 2013ம் வருஷம் ஏப்ரல் 23ந் தேதி சுவர்களில் விரிசல் கண்டது. கீழ்மாடியிலிருந்த பாங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேல் மாடிகளில் துணி தைக்கும் தொழிலாளிகளோ, பெரும்பாலும் ஏழைப் பெண்கள், உள்ளே போகப் பயந்து வெளியில் நின்றார்கள். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். 24ந் தேதி காலையில் கட்டிடம் முழுதும் இடிந்து 1,100 பேருக்கு மேல் நசுங்கிச் செத்தார்கள். தோழர்களே! இந்தப் பெண்களுக்கு அறிவு போதவில்லையா? விரிசல் விட்ட கட்டிடம் விழும் என்று பாங்கி மானேஜருக்குத் தெரிந்தது போலவே அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. பாங்கிச் சிப்பந்தி வீட்டில் இருக்க முடிந்தது; தையற்காரி இருக்க முடியவில்லை. அவளுக்கு இல்லாமல் போனது பாடமல்ல. “மாட்டேன்” என்று சொல்லும் உரிமையேயாகும்.

நிற்க, நமது நாட்டில் இந்த மின்னஞ்சல் பாடம் யாருக்குப் போகிறது என்பதைப் பார்ப்போம். கம்பெனியின் பேரால் மின்னஞ்சல் விலாசம் உள்ளவருக்குப் போகும். அப்படிப்பட்டவர் யார்? குமாஸ்தா, கணக்கர், என்ஜினீயர், மானேஜர். பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிற கான்ட்ராக்ட் கூலிக்கு விலாசம் ஏது? அவன் பேர் கம்பெனிப் பதிவிலேயே கிடையாதே! அவன் கான்ட்ராக்டர் ஆள். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் 2020ம் வருஷம் மே 7ந் தேதி ஒரு முறையும், ஜூலை 1ந் தேதி மறுமுறையும் பாய்லர் வெடித்தது. செத்தவர்களில் கான்ட்ராக்ட் தொழிலாளிகள் பலர். சர்க்காருக்குச் சொந்தமான இடத்திலேயே இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை என்றால், தனி முதலாளிகள் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டாசுத் தொழிலை எடுத்துக் கொள்ளுங்கள். சிவகாசி, சாத்தூர் பக்கங்களில் வெடி விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகைகளில் தவறாமல் வருகிற வாக்கியம், “மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு விபத்து நேர்ந்தது” என்பதாகும். உராய்வு ஏன் ஏற்பட்டது என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கையில் அதற்கு மேல் ஆட்களை ஏன் அடைத்தார்கள்? எண்ணிக்கைக் கூலி கொடுத்துத் தீபாவளிக்கு முன் சரக்கு வேண்டுமென்று அவசரப்படுத்தினால் கை நிதானமாக ஓடுமா? லைசென்ஸ் வாங்கினவர் ஒருவராயும், அறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் மற்றொருவராயும் இருந்தால் பொறுப்பு யாருக்கு? 2012ம் வருஷம் செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் வெடித்த ஆலை, கடவுள் பேரையே தன் பேராகத் தாங்கிய ஆலைதான். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் ஆட்களே அல்ல. முதல் வெடியைக் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார். கடவுள் பேர் அவர்களைக் காப்பாற்றவில்லை. சிப்பந்திகளுக்கு மட்டும் அனுப்பும் எந்தப் பாடமும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் மாட்டாது.

இன்னும் கீழே போவோம். பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவன் யார்? எந்த ஜாதியான் இறங்குகிறான் என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனிதனை இப்படி இறக்கக் கூடாதென்று 2013ல் சட்டம் செய்தார்கள். 1993 முதல் சாக்கடையில் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. சாவு நின்றிருந்தால் சாவின் விலையை ஏன் உயர்த்த வேண்டும்? மனுவின் பேரைச் சொல்லாமலே மனுவின் ஏற்பாடு அந்தக் குழிக்குள் நடந்து வருகிறது. அவனுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர் யார்?

அவனுக்கு உண்மையில் தெரிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதை இங்கேயே எழுதிவிடுகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். சாக்கடையிலும், மலக்குழியிலும், தோல் ஷாப்புத் தொட்டியிலும் உண்டாகிற ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு, கொஞ்சமாய் இருக்கும்போது அழுகின முட்டைபோல் நாறும். அதிகமானால் மூக்கின் சக்தியையே மரத்துப் போகச் செய்துவிடும். அப்பொழுது நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து ஒருவன் இறங்குவான்; இறங்கினவன் அப்படியே சாய்வான். அவனைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவான், அவனும் சாய்வான். மூன்றாவது ஆளும் சாய்வான். இப்படி ஒரே குழியில் அண்ணனும் தம்பியும் செத்த செய்திகள் எத்தனையோ. ஆகவே மூக்கை நம்பக் கூடாது. வாயுவை அளக்கிற கருவியைத்தான் நம்ப வேண்டும். உள்ளே விழுந்தவனைக் காப்பாற்ற, காற்றுச் சிலிண்டர் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் செய்ய வேண்டிய அந்த வேலைக்கு மனிதன் இறங்கவே கூடாது.

பார்த்தீர்களா, பாடம் எவ்வளவு சின்னது! ஐந்து நிமிஷப் பாடம்தான். சொல்லுகிற இடத்தில் சொன்னால் நாலு உயிர் பிழைக்கும். ஆனால் பாடத்தோடு கருவி இல்லையென்றால், இறங்கமாட்டேன் என்று சொன்னவனுக்கு நாளைக் கூலி உண்டு என்கிற உறுதி இல்லையென்றால், அந்தப் பாடமும் வெறும் மந்திரந்தான்.

உலகத்தில் இந்த விஷயத்தை ஆராய்ந்த நிபுணர்கள் ஒரு வரிசை வகுத்திருக்கிறார்கள். ஆபத்தையே இல்லாமல் செய்வது முதற்படி. முடியாவிட்டால், ஆபத்துக் குறைந்த பொருளை அதன் இடத்தில் வைப்பது இரண்டாவது. இயந்திரத்துக்கு வேலியிட்டு மனிதனையும் ஆபத்தையும் பிரித்து வைப்பது மூன்றாவது. விதிகளும் பயிற்சியும் நாலாவது. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை கடைசி. பவர் பிரஸ்ஸை இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி அமைத்துவிட்டால், கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்காது. தொழிலாளி தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் விரல் தப்பும். வேகத்துக்காக அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு, ஜாக்கிரதையாய் இரு என்று வாரம் ஒரு அஞ்சல் அனுப்பினால் விரல் தப்புமா? நாலாவது படியை மட்டும் வைத்துக்கொண்டு மேல்மாடி ஏறப் பார்ப்பதற்குப் பேர் பாதுகாப்பல்ல. அது கண்துடைப்பு.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 1974ல் செய்த சட்டத்தில் முதலாளியின் கடமையாகத் தகவல், போதனை, பயிற்சி, மேற்பார்வை என்ற நாலையும் சேர்த்தே சொன்னார்கள். ஒன்றைக் கொடுத்து மூன்றை விழுங்க இடம் வைக்கவில்லை. தொழிலாளிக்கு விளங்குகிற பாஷையிலும், அவனுக்குப் பழக்கமான வார்த்தையிலும் கொடுக்காத பயிற்சியைப் பயிற்சியாக எண்ண முடியாது என்று அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு இலாகா 2010ல் சொல்லிற்று. கம்ப்யூட்டர் மூலம் கொடுக்கும் பாடம் மாத்திரம் போதாது; கேள்வி கேட்கவும், கையால் செய்து பார்க்கவும் வசதி வேண்டுமென்பதும் அந்த இலாகாவின் அபிப்பிராயமே. நமது நாட்டிலோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் உழைக்கிறவனுக்கு இங்கிலீஷில் ஒரு பாடம் வந்தால், அதற்கும் புரோகிதன் ஓதும் சமஸ்கிருதத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் தலையாட்டத்தான் முடியும்.

நமது சட்டமும் ஒன்றும் சொல்லாமலில்லை. போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தைப் பற்றித் தகவல் பெறவும், பயிற்சி பெறவும், ஆபத்து நெருங்குகிறதென்று கண்டால் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் தொழிலாளிக்கு உரிமை எழுதினார்கள். 2020ல் நிறைவேறிய புதுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பேர் மாறினதால் பல்சக்கரத்தின் பல் மழுங்கிவிடாது. உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1981ல் செய்த உடன்படிக்கையில், உயிருக்கு உடனே ஆபத்து என்று நியாயமாக நம்புகிற இடத்தைவிட்டு விலகினவனைத் தண்டிக்கக் கூடாதென்றும், பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாதென்றும் சொல்லியிருக்கிறது. 2022ல் அந்த ஸ்தாபனம் பாதுகாப்பான வேலையிடத்தை மனிதனுடைய அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. வேலையினால் வரும் விபத்திலும் வியாதியிலும் உலகத்தில் வருஷம் ஒன்றுக்குச் சுமார் 29 லட்சம் பேர் சாகிறார்கள் என்பது அதன் மதிப்பு. யுத்தம் என்றால் பத்திரிகைகள் அலறுகின்றன. இந்த 29 லட்சத்துக்கு அலறுகிறவர் யார்?

ஆகவே தொழிலாளித் தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொள்வது இது. பாடம் வந்தால் வேண்டாமென்று தள்ளாதீர்கள். வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு, பொத்தானை அழுத்துவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள். இது எனக்குத் தெரிந்த பாஷையில் இருக்கிறதா? இதைப் படிக்கிற நேரத்துக்குக் கூலி உண்டா? இதில் சொன்ன வேலியும் கருவியும் என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா? என் பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கும் இது சொல்லப்பட்டதா? ஆபத்தென்று கண்டு நான் வேலையை நிறுத்தினால் என்னை வீட்டுக்கு அனுப்பமாட்டார்களா? இந்த ஐந்துக்கும் பதில் வாங்காமல், “புரிந்து கொண்டேன்” என்று அழுத்துகிற பொத்தான், கைநாட்டு வைத்த வெற்றுப் பத்திரத்துக்குச் சமானமாகும்.

தனியாகக் கேட்டால் வேலை போகும் என்று பயப்படுகிறீர்கள். அது நியாயமான பயந்தான். அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தா வசூலிக்க ஒன்று கூடுகிற நாம், இயந்திரத்துக்கு வேலி கேட்க ஒன்று கூடக் கூடாதா? அன்றைக்கு ஒருநாள் பூசணிக்காய் உடைப்பதற்குப் பதிலாக, ஆலையில் எங்கெங்கே வேலி இல்லை, எந்த வாசல் பூட்டிக் கிடக்கிறது, எந்தத் தீயணைக்கும் கருவி காலியாயிருக்கிறது என்று எல்லோருமாய்ச் சுற்றிப் பார்த்து ஒரு ஜாபிதா எழுதி மானேஜரிடம் கொடுத்து, நகல் ஒன்றுக்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக் கொண்டால், ஆயிரம் பூசணிக்காய் செய்யாததை அந்த ஒரு காகிதம் செய்யும். “எங்களுக்குத் தெரியாது” என்று பிறகு சொல்ல முதலாளிக்கு வழி இராது. அவர் அனுப்பிய அஞ்சலுக்கு நாம் அனுப்பும் பதில் அதுவாகவே இருக்கட்டும்.

கை போனது விதியாலல்ல. செத்தவன் மடமையாலும் அல்ல. போடாத வேலியால் போயிற்று. பூட்டிய கதவால் போயிற்று. மாட்டேன் என்று சொல்ல முடியாத வயிற்றால் போயிற்று. மனிதன் செய்து வைத்த காரணங்களை மனிதனே மாற்றலாம். அதை மாற்றச் சொல்லிக் கொடுக்கிற பாடம் எந்த வழியாய் வந்தாலும் வரவேற்போம். அதை மறைக்க வருகிற பாடத்தை, அது எவ்வளவு அழகான சர்ட்டிபிகேட்டோடு வந்தாலும், பூசணிக்காயோடு சேர்த்துக் குப்பையில் போடுவோம்.